வட்டம் விழாத தட்டு

மூத்திரம் என்ற சொல்லைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம், எனக்குக் கோபமில்லை. பதினைந்து வருடம் நான் அதோடுதான் குடித்தனம் நடத்தினேன். செங்கல்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன லேபில் எனக்கு வேலை. டெக்னீஷியன் என்று பெயர். பாத்திரம் கழுவுவது, பிரஷர் குக்கரில் கண்ணாடிக் குழாய்களை வேகவைப்பது, ரத்தம் எடுப்பது, ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் நானேதான்.

ஜனங்கள் எதில் எல்லாம் கொண்டு வருவார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இருமல் மருந்து பாட்டில், ஊறுகாய் பாட்டில், குழந்தையின் பால் பாட்டில். ஒருவர் தேன் பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் கொண்டுவந்து, சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்து, அந்த வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க அழுகை. மறுநாள் வேறு பாட்டிலில் பார்த்ததும்தான் எல்லோருக்கும் உயிர் வந்தது. அவர் என்னைத் திட்டியதில் ஒரு நியாயமும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

நீர்க்கடுப்பு, எரிச்சல் என்று வருகிறவர்களுக்குச் செய்கிற சோதனைக்குக் கல்ச்சர் என்று பெயர். மூத்திரத்தில் ஒரு துளியை ஒரு தட்டில் கோடு கோடாக இழுத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டால், மறுநாள் கிருமி புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதை எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே மருந்தில் ஊறிய காகிதப் பொட்டுகளை வைப்போம். ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். மூன்றாம் நாள் பார்த்தால், எந்த மருந்துக்குக் கிருமி சாகிறதோ அந்தப் பொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். சாகாவிட்டால் பொட்டின் ஓரம் வரைக்கும் கிருமி வந்து நிற்கும். வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து, மருந்தின் பெயருக்கு எதிரே எஸ் அல்லது ஆர் என்று எழுதவேண்டும். எஸ் என்றால் மருந்துக்குக் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. அவ்வளவுதான் என் வித்தை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் லேபுக்குச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஒரு பிளாஸ்க் வரும். அங்கே கோட்டைக்குப் போகிற தெருவில் ஒரு டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். மீன் கூடைக்குப் போடுகிற ஐஸை வாங்கி, உடைத்து, பிளாஸ்கில் போட்டு, அதற்குள் சாம்பிள் பாட்டில்களைச் செருகி, திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். அந்த இரண்டு நாளும் லேப் முழுக்க மீன் வாடை. முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிவார். ஆனால் ஐஸ் இல்லாமல் சித்திரை வெயிலில் கிளினிக்கிலும் பஸ்ஸிலுமாக மூன்று மணி நேரம் கிடந்தால், நாலைந்து கிருமி லட்சம் கிருமி ஆகிவிடும். இல்லாத நோய்க்கு மருந்து எழுதிவிடுவார்கள். அந்த ஒரு பெண்மணிதான் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர். மற்ற டாக்டர்கள் அனுப்பியதெல்லாம் வெந்நீர் மாதிரிதான் என் கைக்கு வந்து சேரும்.

ஒருநாள் அவரே லேபுக்கு வந்தார். கையில் நான் எழுதிய ரிப்போர்ட் ஒன்று. அதில் இருபது மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன், செய்வியாம்மா?" என்றார். "இந்த நாலு சின்ன மருந்துல ஏதாவது ஒண்ணு எஸ்னு வந்துட்டா, அத மட்டும் எழுதி அனுப்பு. கீழ இருக்கற பெரிய மருந்தெல்லாம் எழுதாத."

"ஏன் டாக்டர்? அதுவும் எஸ்தானே வருது?"

"வருது. பேப்பர்ல இருந்தா எழுதத் தோணும். எனக்கே தோணும்."

பெரிய மருந்து என்று அவர் சொன்னது, எந்தக் கிருமி என்று பார்க்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கிற ஜாதி. உயிர் போகிற நேரத்துக்கு என்று வைத்திருக்கவேண்டியதைச் சாதாரண நீர்க்கடுப்புக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தால், கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும், பிறகு உயிர் போகிற நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது என்றார். நான் எழுதிய ரிப்போர்ட்டுகளிலேயே ஆர் கூடிக்கொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு டாக்டர் என்னிடம் வந்து யோசனை கேட்டது போல நினைத்துக்கொண்டேன். கேட்டது யோசனை இல்லை, ஒத்துழைப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த வயதில் தெரியவில்லை.

சரி என்று எல்லோருக்குமே நாலு வரி எழுத ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஓடவில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள். ஒருத்தியின் ரிப்போர்ட் பழையது, இருபது வரி. இன்னொருத்தியின் ரிப்போர்ட் புதியது, நாலு வரி. இரண்டையும் மேஜைமேல் விரித்துப் போட்டு, "இவளுக்கு இம்மாம் எழுதிகீறீங்க, எனக்கு இத்தினியூண்டுதானா? நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். அவள் வரியை எண்ணிக்கொண்டிருந்தாள். முதலாளி கூப்பிட்டு, "இன்னாம்மா இது, தலைப்பு மட்டும் அடிச்சி குடுத்தா மாரி கீது? எல்லாத்தயும் எழுது. அந்த டாக்டரம்மாவுக்கு வேணும்னா சுருக்கமா அனுப்பு" என்று முடித்துவிட்டார். அதிலிருந்து மீன் வாடை அடிக்கிற பாட்டில்களுக்கு மட்டும் நாலு வரி, மற்றதற்கெல்லாம் இருபது.

டாக்டரம்மாவின் பாடும் அதேதான். இரண்டு நாள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருங்கள், காய்ச்சல் இல்லையே, நிறைய தண்ணீர் குடியுங்கள் என்பார். "தண்ணி குடிக்கவா பஸ் ஏறி வந்தோம்?" என்று எழுந்து, மாமல்லபுரத்தில் போனவுடனே ஊசி போடுகிற கிளினிக்குக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? எரிகிறவளுக்குத்தான் தெரியும் அந்த இரண்டு நாள். ஊசி போட்டால் சாயங்காலமே எரிச்சல் அடங்கிவிடும். அடங்கியதும், ஊசியோடு கொடுத்த மாத்திரையில் மீதியை அலமாரியில் பத்திரப்படுத்துவார்கள், அடுத்த தடவைக்கு.

இதுவரைக்கும் ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இனி என் வீட்டைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் உள்ளடங்கிய கிராமம் ஒன்றில் நிலம் நீச்சு வைத்திருந்து, அப்பா போனபிறகு திருக்கழுக்குன்றத்துக்குக் குடிவந்தவர்கள். அம்மா, நான், என் தங்கை. தங்கை மறைமலைநகரில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் சேர்ந்திருந்தாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். அவள் பைக்குள் சோற்று டப்பா, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் பையை வாங்கி வைப்பதும் நான்தான். டப்பா காலியாக வரும். பாட்டில் நிறைந்தே வரும்.

முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. கம்பெனியில் குடிக்கத் தண்ணீர் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அவள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்கள் லைனில் கிட்டத்தட்ட இருபது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு மரக்கட்டை. லைன் லீடர் மேஜையில் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு ஒருத்தி போனால், அவள் திரும்பி வந்து மாட்டும்வரை இன்னொருத்தி எழுந்திருக்கக்கூடாது.

"கட்ட வர்றதுக்குள்ள நம்ம உயிரே போய்டும்க்கா. அதான் தண்ணியே குடிக்கறதில்ல. எல்லாரும் அப்படித்தான்," என்றாள்.

முதல் தடவை அவளுக்கு எரிச்சல் வந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காய்ச்சல் கிடையாது. வெறும் நீர்க்கடுப்பு. டாக்டரிடம் போகலாம் என்று நான் வாயைத் திறந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு. இந்த மாரி எடத்துல நோவுன்னு டாக்டர் வூட்டுக்குப் போய்கினு வந்துகினு இருந்தா, ஊரு இன்னான்னு பேசும்? உன் ஆஸ்பத்திரிலதான் மாத்தர கெடைக்குமே, எத்தினு வா."

என் ஆஸ்பத்திரி. மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையை அம்மா கடைசிவரை ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னாள். ஆனால் மாத்திரை கிடைத்தது உண்மை. மருந்துக் கம்பெனி ரெப்புகள் முதலாளியைப் பார்க்க வரும்போதெல்லாம் சாம்பிள் அட்டைகளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். வைக்கிறது எல்லாம் புதிது, எல்லாம் பெரியது. சின்ன மருந்துக்கு யார் சாம்பிள் கொடுப்பார்கள்? நான் ஒரு அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டேன். தங்கை மூன்று மாத்திரை சாப்பிட்டாள். எரிச்சல் நின்றது. மீதியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முழுக்கச் சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொன்னேன். "அதான் சரியாப்பூச்சே" என்றாள். விட்டுவிட்டேன்.

இரண்டு வருடத்தில் எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு புது அட்டை, மூன்றோ நான்கோ மாத்திரை, மீதி அரிசி டப்பாவுக்குப் பின்னால். பகலில் டாக்டரம்மாவின் ரிப்போர்ட்டில் எந்த மருந்தின் பெயரை எழுதாமல் மறைத்தேனோ, சாயங்காலம் அதே மருந்தைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இது எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. லேபில் இருப்பது நோயாளிகள், வீட்டில் இருப்பது என் தங்கை. இரண்டு பேர் உடம்பிலும் இருப்பது ஒரே கிருமிதான் என்பது, தினமும் அதைத் தட்டில் வளர்க்கிற எனக்கே தோன்றவில்லை என்றால் என்னை என்ன சொல்லித் திட்டுவது?

ஒரு வைகாசி மாதம். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, தங்கை போர்வை போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க நடுங்கினாள். கம்பெனியிலேயே குளிர் வந்து, முதலுதவி அறையில் ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்து உட்காரவைத்து, பஸ் வரும்போது ஏற்றி அனுப்பியிருந்தார்கள். இடுப்புக்குமேல் இடதுபக்கம் தொட்டாலே கத்தினாள். எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். அரைகுறையாகத் தெரிந்தது, அதனால் அரைகுறையாக ஒன்று செய்தேன். லேபிலிருந்து கொண்டுவந்த சுத்தமான பாட்டிலில் மறுநாள் காலை அவள் மூத்திரத்தைப் பிடித்து, எடுத்துப்போய்க் கல்ச்சர் போட்டேன். ரிப்போர்ட் வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, இருப்பதிலேயே பெரிய மருந்தின் சாம்பிள் அட்டையாகப் பார்த்துக் கொடுத்து, "இந்தத் தடவ ஒண்ணுகூட மிச்சம் வெக்காத" என்றேன். அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அந்த ஒரு தடவைதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். காய்ச்சல் இறங்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். ஈரமான அப்பளம் மாதிரி ஒரே சீராகக் கிருமி படர்ந்திருந்தது. பொட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. சுற்றிலும் வட்டமே இல்லை. முதலில் பொட்டு வைக்க மறந்த தட்டை எடுத்துவிட்டேனா என்று பார்த்தேன். பைத்தியம், பொட்டு கண்முன்னால் இருக்கிறது. பிறகு வேறு யாருடையதாவது இருக்குமோ என்று நம்பரைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். மறுபடியும் பொட்டுப் பொட்டாகப் பார்த்தபோது இரண்டே இரண்டு வட்டங்கள் தெரிந்தன. ஒன்று, நரம்பு வழியாக ஏற்றுகிற ஒரு ஊசி மருந்துக்கு. இன்னொன்று நைட்ரோஃபுராண்டாயின் என்கிற பழைய மஞ்சள் மாத்திரைக்கு. டாக்டரம்மாவின் நாலு வரியில் எப்போதும் முதல் வரியாக வருவது அதுதான். கேட்பாரில்லாததால் மருந்துக்கடைக்காரர்கள் அதை வாங்கி வைப்பதையே விட்டிருந்தார்கள்.

ஸ்கேலை எடுத்து அந்த மஞ்சள் மாத்திரையின் வட்டத்தை அளந்தேன். நன்றாக, பெரிதாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரிப்போர்ட்டைக்கூட எழுதாமல் ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், தங்கையையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு நேராகச் சதுரங்கப்பட்டினம் போனேன்.

டாக்டரம்மா தங்கையின் இடுப்பில் கை வைத்தார். அவள் கத்தினாள். நான் ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொண்டுபோனதைக் கொடுத்தேன்.

"மஞ்ச மாத்திரைக்குக் கேக்குது டாக்டர்," என்றேன்.

"கேக்குது. ஆனா அது மூத்திரப் பையில இருக்கற கிருமிக்குத்தான். கிட்னிக்கு ஏறிட்டா அது போய்ச் சேராதும்மா. மொதல்ல எரிச்சல்னு வந்தப்பவே இத குடுத்திருந்தா அஞ்சு நாள்ல முடிஞ்சிருக்கும்." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்துச்சு? என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்.

"இதான் டாக்டர் மொத தபா. ஒண்ணியும் சாப்பிடல," என்றாள் அம்மா.

"மொத தடவை வர்ற கிருமி இப்படி இருக்காதும்மா."

தங்கை என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அந்தக் காய்ச்சலிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் டாக்டர் குடுத்தேன். சாம்பிள் மாத்திரை. நெறைய தடவை," என்றேன்.

அவர் அந்தத் துண்டுத் தாளை மடித்தார், மறுபடியும் பிரித்தார். "நாலு வரி எழுதுன கைதானே இது?" என்றார்.

திட்டியது அவ்வளவுதான். பிறகு செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அந்த ஊசி மருந்தின் பெயரை அவர் எழுதுவதை நான் முதல்முறையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருடம் யாருக்கும் எழுதாமல் காப்பாற்றி வைத்திருந்ததை என் தங்கைக்காக எழுதினார். வெளியே வந்ததும் அம்மா என் தோளில் ஒரு அடி வைத்தாள். உண்மையைச் சொன்னதற்கா, மாத்திரை கொடுத்ததற்கா என்று நான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு வரச் சொன்னதே நீதானே என்றும் கேட்கவில்லை.

பத்து நாளைக்கு மேல் ஊசி ஏறியது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடது கிட்னி சுருங்கித் தழும்பாகியிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அடக்கவே கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் கையில் மருந்து இல்லை. டாக்டரம்மா சொன்னது இவ்வளவும். கம்பெனிக்குக் காட்ட ஒரு கடிதமும் கொடுத்தார். இந்தப் பெண்ணைத் தேவைப்படும்போதெல்லாம் பாத்ரூம் போக விடவேண்டும் என்று அதில் இருந்தது.

வேலையை விட்டுவிடு என்று நான் கெஞ்சிப் பார்த்தேன்.

"நின்னுட்டா நாளிக்கே மாப்ளை பாக்க ஆரம்பிப்பாங்க. கிட்னி கத தெரிஞ்சி எவன் வருவான்? எனக்கு லைனு புட்ச்சிகீது. உட்டுடுக்கா," என்றாள். அவளுக்கு அந்த வேலை நன்றாக வரும். அந்த லைனிலேயே வேகமான கை அவளுடையது என்று அவள் சொல்லும்போது முகம் பூரித்துப்போகும். அதையும் நான் பிடுங்கிக்கொள்ளவா?

இரண்டாயிரம் பிறந்தபிறகு லேபுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பட்டனைத் தட்டினால் எல்லா மருந்தும் வரிசையாக அச்சாகிவரும். முதலாளிக்கு ஏகப் பெருமை. ஐஸ் பிளாஸ்க் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு மாதத்துக்கு ஒன்றாகி, ஒருநாள் நின்றுபோனது. டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு மகன் வீட்டோடு நாவலூர் பக்கம் போய்விட்டதாகக் கண்டக்டர் சொன்னார். ஆர் என்ற எழுத்தை அதற்குப் பிறகு நான் கையால் எழுதவேண்டியிருக்கவில்லை. மெஷினே அடித்தது, பக்கம் பக்கமாக.

இதற்கெல்லாம் முன்னால், அந்தக் கடிதத்தோடு தங்கை மறுபடியும் வேலைக்குப் போன முதல் வாரத்தை இன்னும் நான் சொல்லவில்லை. விடியலில் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். ஒன்றுக்கு இரண்டாக வைத்தேன். கடிதத்தை மடித்துப் பையின் பக்கவாட்டில் செருகினேன். "மொத வேலயா லீடர்கிட்ட குடுத்துடு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். முதல் நாள் குடுத்தாயா என்றால், லீடர் லீவு என்றாள். இரண்டாம் நாள் குடுத்துட்டேன் என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் முகம் கழுவப் போயிருந்தபோது, பையை எடுத்து ஆணியில் மாட்டப்போனேன். தோளை இழுத்தது. திறந்து பார்த்தேன். டப்பா காலி. இரண்டு பாட்டிலும் காலையில் நான் பிடித்த மாதிரியே, மூடியைக்கூடத் திருகாமல், கழுத்துவரை தண்ணீரோடு இருந்தன. பக்கவாட்டில் கடிதம், மடித்தது மடித்தபடி, பாட்டிலின் ஈரம் பட்டு மை கலங்கியிருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"அத காட்டுனா நோயாளின்னு லைன வுட்டு எடுத்துடுவாங்கக்கா," என்றாள். "கட்ட ஒண்ணுதான். நான் பத்து தபா எடுத்தா மத்தவளுங்க இன்னா பண்ணுவாளுங்க?"

தட்டில் வட்டம் விழவில்லை என்றால் வேறு பொட்டு வைத்துப் பார்க்கலாம். இதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. பாட்டில்களைக் கொல்லைக்கு எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் குறையாத தண்ணீர், கொட்டி முடிக்க நேரம் ஆனது. திங்கட்கிழமை விடியலில் மறுபடியும் இரண்டையும் கழுவி, கழுத்துவரை பிடித்து, அவள் பையில் வைத்தேன்.